டவர் போடும் தண்டோரா

2023 அக்டோபரில் ஒரு நாள் அம்மாவிடமிருந்து போன். எடுத்தவுடன், "உன் போனும் கத்துச்சாடி?" என்றாள்.

கடலூர் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்குப் பக்கத்தில் போன் திடீரென்று அலறியிருக்கிறது. ரிங்டோன் இல்லை, அலாரமும் இல்லை. "பஸ் ஹாரனும் ஃபயர் சர்வீஸ் வண்டியும் சண்டை போட்ட மாதிரி" என்றாள். எடுத்துப் பார்த்தால் திரை நிறைய ஆங்கிலம். எதையோ அழுத்தியிருக்கிறாள், நின்றிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். பேங்கில் இருக்கும் பணத்தை எவனோ எடுத்துவிட்டான் என்பதுதான் அவளுக்கு வந்த முதல் பயம்.

நாடு முழுக்க மாநிலம் மாநிலமாக நடந்த சோதனை அது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காகத் தொலைத்தொடர்புத் துறை அனுப்பிய மாதிரிச் செய்தி. இது சோதனைதான், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்பதுதான் சாரம். அதைத் தமிழில் சொன்னேன்.

"கண்டுக்க வேணாம்னு சொல்றதுக்கா இப்படிக் கத்துனான்?"

சிரித்து முடித்ததும் அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. "அது சரி, என் நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. அம்மாவின் நம்பரும் தெரியாது, பெயரும் தெரியாது, அப்படி ஒருத்தி கடலூரில் இருக்கிறாள் என்பதும் தெரியாது. இந்த ஏற்பாட்டின் சூட்சுமமே அந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது. அது புரிய, என்னுடைய ஒரு மோசமான பிற்பகலைச் சொல்ல வேண்டும்.

2012 ஏப்ரல் 11. சென்னையில் ஒரு நான்காவது மாடி அலுவலகம். இரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் நாற்காலி லேசாக ஆடியது. சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் 8.6 அளவில் பூகம்பம். எல்லோரும் படியில் இறங்கித் தெருவில் நின்றோம். கடலூர்க்காரிக்கு அப்போது என்ன தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. 2004-க்குப் பிறகு எங்களுக்குச் சுமத்ரா என்றால் தீவு இல்லை, தேதி. வீட்டுக்குப் போன் போட்டேன், போகவில்லை. அப்பா நம்பர், சித்தி நம்பர், பக்கத்து வீட்டு லேண்ட்லைன், ஒன்றும் போகவில்லை. "மாடிக்குப் போங்க, கடல் பக்கம் போகாதீங்க" என்று எஸ்எம்எஸ் அனுப்பினேன். நல்லவேளை அன்று பெரிய அலை எதுவும் வரவில்லை. என் செய்தி மட்டும் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு, "இப்ப மாடிக்கு எதுக்கும்மா?" என்று பதில் போட்டார்.

எஸ்எம்எஸ் என்பது தபால்காரர் மாதிரி. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு முகவரி. அந்த நம்பர் இப்போது எந்த டவருக்குக் கீழே இருக்கிறது என்று நெட்வொர்க் தேட வேண்டும், அந்தப் போனைக் கூப்பிட வேண்டும், கொடுக்க வேண்டும், கொடுத்தாயிற்று என்று குறித்துக்கொள்ள வேண்டும். பத்து லட்சம் பேர் என்றால் இதே வேலை பத்து லட்சம் முறை. அதுவும் அந்தப் பத்து லட்சம் பேரும் பயந்துபோய் ஒரே நேரத்தில் போன் அடித்துக்கொண்டிருக்கும்போது. நெரிசல் வராமல் என்ன செய்யும்?

டவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம் போன் சும்மா பையில் கிடக்கும்போதும் டவர் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும்: நான் இன்ன நெட்வொர்க், என் எண் இது, என்னிடம் பேச வேண்டுமானால் இப்படிப் பேசு. இது யாருக்கென்று தனியாகச் சொல்வதில்லை, அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனும் கேட்டுக்கொள்ளும். அந்த அறிவிப்போடு அறிவிப்பாக எச்சரிக்கையையும் சேர்த்துவிட்டால்? அதுதான் செல் பிராட்காஸ்ட். டவர் ஒரு முறை சொன்னால் அதன் கீழே நூறு போன் இருந்தாலும் ஒன்றுதான், பதினாயிரம் இருந்தாலும் ஒன்றுதான். கூட்டம் கூடினால் பளு கூடாது. ரீசார்ஜ் தீர்ந்திருந்தாலும் டேட்டா இல்லாவிட்டாலும் வரும். போன் ஆன் ஆகி, டவரோடு தொடர்பில் இருந்தால் போதும். விமானப் பயன்முறையில் வைஃபை மட்டும் போட்டுக்கொண்டு படம் பார்ப்பவருக்கு வராது.

சுருக்கமாக, தண்டோரா. தண்டோரா போடுகிறவர் கையில் வாக்காளர் பட்டியலோடு வருவதில்லை. தெரு முனையில் நின்று நான்கு தட்டுத் தட்டிவிட்டுச் சொல்வதைச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார். விருந்தாளியாக வந்தவனுக்கும் கேட்கும், பாத்திரக்காரனுக்கும் கேட்கும். யார் கேட்டார்கள், யார் தூங்கிவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. செல் பிராட்காஸ்ட் அனுப்புகிற அரசுக்கும் அதே கதிதான். எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று எந்தப் போனும் திருப்பிச் சொல்லாது. இதை வைத்து நம்மை வேவு பார்க்கிறார்கள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா எழுதியிருந்தார். வேவு பார்க்க நூறு வழி உண்டு மாமா, இது அதில் இல்லை.

(தண்டோராவை நினைத்து நான் ஏங்கவில்லை. பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கும் வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்பது எல்லா ஊருக்கும் தெரியும். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அந்த வழக்கத்தை நிறுத்தி, வண்டியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுங்கள் என்று உத்தரவிட்டது. முறை ஒன்றுதான் என்பதற்காகச் சொன்னேன்.)

இது புதிய கண்டுபிடிப்பும் கிடையாது. ஜிஎஸ்எம் போன்கள் வந்த காலத்திலேயே இருந்தது. பழைய நோக்கியாவில் ரயிலில் போகும்போது திரையில் ஊர்ப் பெயர் மாறிக்கொண்டே வருமே, அதே வழிதான். 50-ஆம் சேனலில் ஒவ்வொரு டவரும் தன் ஊரைச் சொல்லும், போன் காட்டும். அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனதுதான் மிச்சம், அந்த வழியில் உயிர் காக்கலாம் என்று இங்கே வெகுகாலம் யாரும் அவசரப்படவில்லை. ஜப்பான் 2007-லேயே பூகம்ப எச்சரிக்கைக்கு எடுத்துக்கொண்டது. அமெரிக்கா 2012-ல் தொடங்கியது, நெதர்லாந்தும் அதே ஆண்டு.

ஜெர்மனி தொடங்கவில்லை. ஆப் இருக்கிறது, வேண்டியவர்கள் இறக்கிக்கொள்வார்கள் என்று இருந்தார்கள். 2021 ஜூலையில் அங்கே ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இரவோடு இரவாக வெள்ளம் வந்தது. நாடு முழுக்க 180-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆப் என்பது ஏற்கெனவே கவலைப்படுகிறவர்களுக்கு மட்டும் போகும் எச்சரிக்கை. என் அம்மா ஒரு நாளும் பேரிடர் ஆப் இறக்கப் போவதில்லை. உங்கள் அம்மாவும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் 2023 பிப்ரவரியில்தான் செல் பிராட்காஸ்ட் முறையாகத் தொடங்கியது.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மா சொன்ன "சண்டை" சரியான வர்ணனை. அமெரிக்காவில் விதித்திருக்கும் எச்சரிக்கை ஒலி 853, 960 ஹெர்ட்ஸ் என்று இரண்டு சுருதிகளை ஒன்றாக ஊதுவது. பக்கத்துப் பக்கத்துச் சுருதிகள், ஒன்றோடொன்று ஒட்டாது. காதுக்கு இதமாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். ஒரு நீளம், இரண்டு குட்டை, மறுபடியும் அதே. அதிர்வும் அதே தாளத்தில்தான், காது கேளாதவர் கைக்கும் தெரிய வேண்டும் அல்லவா. அந்த ஒலியை விளம்பரத்திலோ நாடகத்திலோ பயன்படுத்தினால் அங்கே அபராதம். நல்ல சட்டம். நம் ஊரில் ஆம்புலன்ஸ் சைரனை கட்சிக்காரர் கார் ஹாரனாக வைத்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அம்மாவுக்கு இரண்டு முறை வந்தது கோளாறு இல்லை. அவள் போனில் இரண்டு சிம், இரண்டு நெட்வொர்க், இரண்டு தண்டோராக்காரர்கள். ஒரே நெட்வொர்க் என்றால் அப்படி வராது. டவர் அதே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும், பஸ்ஸில் அப்போதுதான் அந்த ஊருக்குள் நுழைகிறவருக்கும் கிடைக்க வேண்டுமே. ஆனால் ஒவ்வொரு செய்தியிலும் ஒரு வரிசை எண் உண்டு. இதை முன்பே காட்டிவிட்டேன் என்று போன் ஞாபகம் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும்.

மொழி விஷயம்தான் எனக்குச் சுவாரசியமாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. இந்தச் செய்திகள் பக்கம் பக்கமாகப் போகின்றன. ஒரு பக்கம் 82 பைட். ஆங்கிலத்தில் அதில் 93 எழுத்து கொள்ளும். தமிழ் யூனிகோடில் ஒரு குறியீட்டுக்கு இரண்டு பைட், ஆக 41 குறியீடு. நம் எழுத்தோ ஒன்றே இரண்டாகும்: 'ள்' என்றால் ளகரம் ஒன்று, புள்ளி ஒன்று. "வெள்ளம்" நமக்கு நான்கு எழுத்து, போனுக்கு ஏழு குறியீடு. ஒரு நாள் பொழுதுபோகாமல் எண்ணிப் பார்த்தேன். "வெள்ளம் வருகிறது. உடனே மேட்டுக்குப் போங்கள்." இதற்கு 44 ஆகிறது. மூன்று அதிகம். 'உடனே'யை எடுத்தால் ஒரு பக்கத்தில் அடங்கும். ஒரு செய்திக்கு 15 பக்கம் வரை அனுமதி இருப்பதால் நடைமுறையில் இடப் பஞ்சம் இல்லைதான். ஆனாலும் இந்த வேலை எந்த மொழிக்காரர்கள் மேஜையில் தொடங்கியது என்பது அந்த 93-லேயே தெரிந்துவிடுகிறது.

இந்தியாவில் இப்போது இருக்கும் ஏற்பாட்டுக்கு சசேத் என்று பெயர், மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட் உருவாக்கியது. மழை, புயல் என்றால் வானிலைத் துறை, ஆற்று வெள்ளம் என்றால் மத்திய நீர் ஆணையம், சுனாமி என்றால் ஐதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் மையம், அங்கே சுனாமி எச்சரிக்கைப் பிரிவு 2007 முதல் இயங்குகிறது. இவர்கள் எழுதும் எச்சரிக்கை எல்லாம் உலகப் பொதுவான ஒரு படிவத்தில் இருக்கும். அந்தப் படிவம் கேட்கும் மூன்று கேள்விகள் எனக்குப் பிடிக்கும். எவ்வளவு அவசரம்? எவ்வளவு கடுமை? எவ்வளவு நிச்சயம்? எந்தப் பகுதி என்று வரைபடத்தில் கோடு போட்டால், அதற்குள் வரும் டவர்கள் மட்டும் பேசும்.

இயந்திரம் இத்தனை சுத்தம். பிறகு ஏன் ஆட்கள் சாகிறார்கள்?

2024 அக்டோபர் 29, ஸ்பெயினின் வலென்சியா. காலை எட்டு மணிக்கு முன்பே அந்த நாட்டு வானிலை நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விட்டுவிட்டது. வலென்சியா பல்கலைக்கழகம் அன்று வகுப்பே வைக்கவில்லை. போன்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு மாகாண அரசின் கையில் தயாராக இருந்தது. அது அனுப்பப்பட்டது இரவு 8:11-க்கு. அதற்குள் ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்து மணிக்கணக்கில் ஆகியிருந்தது. கார் கூரை மேலேயும் மரத்திலும் நின்றுகொண்டிருந்தவர்களின் போன், எங்கும் வெளியே போகாதீர்கள் என்று அலறியது. அந்த மாகாணத்தில் 220-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் இல்லை. அனுப்பிய சில நொடிகளில் போய்ச் சேர்ந்தது. அனுப்பலாமா என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்ததில் பொழுது போய்விட்டது.

அவர்கள் ஏன் தயங்கினார்கள் என்பது எனக்கு ஓரளவு புரியாமல் இல்லை. 2018 ஜனவரி 13, சனிக்கிழமை காலை 8:07. ஹவாய்த் தீவுகளில் எல்லோர் போனிலும் ஏவுகணை வருகிறது, பதுங்குங்கள், இது ஒத்திகை இல்லை என்று வந்தது. ஒத்திகையின்போது ஒரு ஊழியர் உண்மையான எச்சரிக்கையை அனுப்பிவிட்டார். தவறு என்று போனில் மறுசெய்தி போக 38 நிமிடம் ஆனது. ஆளுநருக்கு விஷயம் முன்பே தெரிந்துவிட்டது, ஆனால் ட்விட்டரில் போட அவருக்குத் தன் பாஸ்வேர்டு தெரியவில்லை. அவரே பிறகு சொன்னது. 2023 மே 31-ல் சியோலில் இதன் சின்ன உருவம். வடகொரியா ராக்கெட் விட்டதையொட்டிக் காலை 6:41-க்கு நகரம் முழுக்கப் போன் அலறியது. வெளியேறத் தயாராகுங்கள் என்று இருந்தது. ஏன் என்று இல்லை, எங்கே என்றும் இல்லை. 22 நிமிடம் கழித்து, அது தவறாக அனுப்பியது என்று இன்னொரு செய்தி.

ஒரு முறை இப்படி நடந்தால் அடுத்த முறை பட்டனுக்கு மேலே இருக்கும் விரல் நடுங்கத்தான் செய்யும். தப்பாக அனுப்பினால் பெயர் கெடும், வேலையும் போகலாம். தாமதமாக அனுப்பினால் குழு போட்டு விசாரிப்பார்கள். ஆனாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. ஹவாயில் 38 நிமிடம் பயந்தவர்கள் அன்று மதியம் சாப்பிட்டார்கள்.

எங்கள் கரையில் இதே கணக்கு வேறு விதமாக நடந்ததை ஊரில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2004 டிசம்பர் 26. காலை ஆறரைக்குச் சுமத்ராவில் பூமி அதிர்ந்தது. நம் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், புதுச்சேரி எல்லையில் நல்லவாடு என்று ஒரு மீனவர் ஊர். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்துக்கொடுத்த தகவல் மையம் இருந்தது. கடல் எப்படி இருக்கும், காற்று எப்படி என்று தினமும் ஒலிபெருக்கியில் சொல்வதற்காக வைத்தது. அதன் பூட்டை உடைத்து, ஓடுங்கள் என்று மைக்கில் சொன்னார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின, 3,600 பேருக்கு மேல் இருந்த அந்த ஊரில் உயிர் போகவில்லை.

ஒரே ஒரு போன் அழைப்பு. அதை வாங்கி ஊருக்கே கேட்க வைத்த ஒரு குழாய் ஸ்பீக்கர். பூட்டை உடைக்க யாருடைய கையெழுத்துக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

டவருக்கு எட்டாத இடமும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்து விசைப்படகுகள் பல நாள் தங்கலுக்காக ஆழ்கடலில் இருந்தன. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே செல்போன் வெறும் டார்ச் லைட். அங்கே எச்சரிக்கை செயற்கைக்கோள் வழியாகத்தான் போக முடியும். 2019-ல் ஜெமினி என்று ஒரு கருவி அதற்காக வந்தது. இங்கிருந்து சொல்வது அங்கே கேட்கும், அங்கிருந்து இங்கே பேச முடியாது. இது தனியாக எழுத வேண்டிய விஷயம், இங்கே விடுகிறேன்.

கரையிலும் டவர் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் எங்கள் ஊரைக் கடந்தது. பலா மரம், முந்திரி மரம் எல்லாம் வேரோடு சாய்ந்தன. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆன தெருக்கள் உண்டு. டவருக்கும் கரண்ட் வேண்டும், பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் டீசல் கொண்டுவர ரோடு வேண்டும். ஆகவே புயலுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். பின்னால் சொல்ல வாய் இருக்காது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தேன். செட்டிங்ஸுக்குள் அவசர எச்சரிக்கை என்று ஒரு பக்கம் இருக்கிறது, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனிலும் ஒரு தடவை பாருங்கள். அம்மா போனில் எல்லாம் அணைந்திருந்தது. அந்தச் சத்தம் பிடிக்காமல் ரீசார்ஜ் கடைப் பையனிடம் கொடுத்து நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். மறுபடியும் போட்டேன். சோதனைச் செய்தியை மட்டும் அணைத்துவைத்தேன். இனிமேல் கத்தினால் அது நிஜம் என்று சொன்னேன்.

"கத்தினா நான் என்ன பண்ணணும்?"

"படிக்கணும். என்ன பண்ணணும்னு அதுலயே எழுதியிருக்கும்."

"இங்கிலீஷ்ல இருந்தா?"

என்னிடம் பதில் இல்லை. செட்டிங்ஸில் மொழியைத் தமிழுக்கு மாற்றப் பார்த்தேன். எல்லா ஐகானுக்கும் பெயர் மாறிப்போய் வாட்ஸ்அப் எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டாள், பழையபடி மாற்றிக் கொடுத்தேன். அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்கு, சாப்பிட்ட தட்டைக் கழுவிவைத்துவிட்டு, போனை எடுத்து சுவிட்ச் ஆஃப் செய்தாள்.

"ஏம்மா?"

"ராத்திரியெல்லாம் எதுக்கு ஓடணும்? சார்ஜ் தீர்ந்துடும்."

அரை மணி நேரம் வாதாடினேன். செல் பிராட்காஸ்ட், டவர், அலை எல்லாம் சொன்னேன். சரி சரி என்று ஆன் செய்தாள். நான் படுத்த பிறகு மறுபடி அணைத்துவிட்டாள் என்று காலையில் தெரிந்தது. கிளம்பும்போது பக்கத்து வீட்டில் பன்னிரண்டாவது படிக்கும் பையனைக் கூப்பிட்டேன். அவன் இரண்டு மணி வரை கேம் விளையாடுகிறவன். ராத்திரி உன் போன் அப்படிக் கத்தினால் வந்து அத்தை வீட்டுக் கதவைத் தட்டு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.